மகதலேனா டீச்சர் ஒட்டிய ஆறாவது தாள்

மகதலேனா டீச்சர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாணவர்களின் கட்டுரைகளைப் பொதுச் சுவரில் ஒட்டத் தொடங்கிய நாள் 1977 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. கடைசித் தாளை ஒட்டியது 1991 ஜூலை 22. அதுவும் திங்கட்கிழமைதான். அவருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்து பணி ஓய்வு பெற்ற நாளும் அதுவே. இடைப்பட்ட பதினான்கரை ஆண்டுகளில் 571 தாள்கள் ஒட்டப்பட்டன. அவற்றுள் ஆறாவது தாளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாடையிலிருந்து ஒருவர் எழுந்து உட்கார்ந்தார் என்று கிள்ளானில் ஒருவர் சொல்ல என் காதாலேயே கேட்டேன். பாடை கட்டவே இல்லை. அதனால் நடந்ததை நாளும் மணியும் பார்த்து எழுதுகிறேன். அந்த ஆண்டு நான் டீச்சர் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். கூட்டக் குறிப்பேடு என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

டீச்சர் பிறந்தது 1936இல், செந்தூல் ரயில்வே குடியிருப்பில். தந்தை பட்டறையில் பிட்டர். புனித மகதலேனாளின் திருநாளில் பிறந்ததால் மாதா கோயில் சாமியார் அந்தப் பெயரையே வைத்தார். இருபது வயதில் ஆசிரியரானார். காப்பார் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டு 1968இல் பிரிக்பீல்ட்ஸுக்கு மாறி வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா உர்சுலாவோடு செந்தூலில் குடியிருந்து, தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். குள்ளமான உருவம், வேகமான நடை. கட்டுரை திருத்துவதில் இரக்கமே கிடையாது. என் மகளின் கட்டுரைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினேழு சிவப்பு வட்டங்களை எண்ணியிருக்கிறேன்.

சுவரில் ஒட்டும் யோசனை நெத்திலியிலிருந்து பிறந்தது. ஆண்டு முடிவில் பழைய கட்டுரைப் புத்தகங்களைப் பள்ளியில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். 1977 ஜனவரி மாதம் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஜெயராஜ் மளிகைக் கடையில் டீச்சர் நூறு கிராம் நெத்திலி கேட்டார். பொட்டலம் கட்டித் தந்த தாளில் அவருடைய சிவப்பு வட்டங்களே இருந்தன. முந்தைய ஆண்டு அவர் வகுப்புப் பையன் எழுதிய கட்டுரை அது.

“என்ன ஜெயராஜ் இது, பிள்ளைங்க எழுதினதுல கருவாடு கட்டறீங்க?”

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தாள்ல கட்டிக் குடுத்தா சனம் நின்னு படிக்குது. நேத்து ஒரு அங்கிள் மிளகாயைக் கொட்டிட்டு, மிச்சம் எங்கன்னு கேட்டுத் திரும்பி வந்தாரு. எனக்கு எங்க தெரியும் மிச்சம்? அடுத்த பக்கம் யார் வீட்டுல சீரகம் கட்டிப் போச்சோ!”

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் டீச்சருக்கு இதே நினைவுதான். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகள் அவர் ஒருவருக்காக மட்டுமே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் படிப்பது சம்பளத்துக்கு. மிளகாய் வாங்கியவரோ ஆசைப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

ஜெயராஜின் கடைச் சுவரில் ஆறடி நீளப் பலகை ஒன்று இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வீட்டு மரண அறிவிப்புகள் எல்லாம் அதில்தான் ஒட்டப்படும். ரயில் எஞ்சின் கூடமான லோக்கோ ஷெட்டில் வேலை முடிந்து வருபவர்கள் அதை ஒரு பார்வை பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அந்தப் பலகையின் வலது மூலையை டீச்சர் கேட்டு வாங்கினார். வாரம் ஒரு கட்டுரை, திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஒட்டுவது என்று ஏற்பாடு.

முதல் ஐந்து வாரங்களில் அதை நின்று படித்தவர்கள் பத்தொன்பது பேர். கட்டுரைப் புத்தகத் தாள் சிறியது. பென்சில் எழுத்து தூரத்துக்குத் தெரியாது. பெரிய தாளில் கனத்த மையில் எழுதிய மரண அறிவிப்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். டீச்சர் எதிரில் நின்று இதைக் கவனித்தார். கண்ணில் படுவது எது என்று பலகையிலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை பெரிய வெள்ளைத் தாளும் கறுப்பு இந்தியன் மையும் வாங்கினார்.

ஆறாவது கட்டுரையை எழுதியவள் பூமணி. பதினோரு வயது. தகப்பனார் தம்புசாமி லோரி ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றி வருபவர். மார்ச் 14, திங்கட்கிழமை காலை வகுப்பில் எழுதினாள்; டீச்சரே அதைப் பெரிய தாளில் எடுத்து எழுதி, பகல் ஒன்றரை மணிக்கு ஒட்டினார். மேலே மூன்று அங்குல எழுத்தில் ‘தம்புசாமி’ என்ற பெயர். அதன் கீழே ‘லோரி ஓட்டுநர்’. சுற்றிலும் அடிக்கோலால் போட்ட கறுப்புக் கட்டம். கட்டுரை இப்படித் தொடங்கியது: “என் அப்பா யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வெள்ளிக்கிழமை காலையில் லோரியில் போர்ட் கிள்ளானுக்குப் போனார். இன்னும் வீட்டுக்கு வரவில்லை.” அடியில், “இப்படிக்கு, மகள் பூமணி.”

டீச்சர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, நன்றாகத் தெரிகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு செந்தூல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நன்றாகத்தான் தெரிந்தது. விவரம் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஜெயராஜ். அவர் அன்று கடையைப் பூட்டிவிட்டுச் சரக்கெடுக்கக் கிள்ளானுக்குப் போயிருந்தார். கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், செத்தவருக்கு மரியாதை செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்கு ஷெட் விட்டது. நாலே காலுக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவியது. நானும் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி லோரி கம்பெனிக்குத் தொலைபேசி செய்தேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி, “அந்த லோரி மத்தியானம் ரெண்டு மணிக்கே துறைமுகத்துல இருந்து கிளம்பிடுச்சே, இன்னும் வரலையா?” என்று கேட்டார். அதற்கு மேல் என்ன கேட்பது? பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இதை மறைப்பதில் பயனில்லை.

ஐந்து பத்துக்குத் தம்புசாமியின் வீட்டு வாசலில் முதல் ஒப்பாரிக் குரல் எழுந்தது. அவர் மனைவி வள்ளியம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு ஓடி வந்தார். வந்தவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவரும் அழுதார். என்ன, எப்படி என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்ல யாருக்கும் தெரியாது. பூமணி கதவோரம் சுருண்டு கிடந்தாள். இதெல்லாம் தன் கட்டுரையால் வந்தது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பா செத்துவிட்டார் என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவள் நம்பினாள்.

ஐந்து ஐம்பதுக்கு லோரி தெரு முனையில் வந்து நின்றது. தம்புசாமி இறங்கி நடந்து வந்தார். வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஷெட்டில் வேலை செய்யும் வாலண்டைன், இரண்டு கையாலும் ரோஜா மாலையைத் தாங்கியபடி எதிரே வந்துகொண்டிருந்தார்.

“ஏய் வாலண்டைன், யாருப்பா போயிட்டது?”

வாலண்டைன் கையிலிருந்த மாலையைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாக, “நீங்கதாண்ணே” என்றார்.

“நானா? எப்ப?”

“போர்டுல போட்டிருக்காங்கண்ணே…”

“என்னைக் கேக்காம யாருலா போட்டது?”

வள்ளியம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார். கணவனைப் பார்த்தார். பிறகு ஓடி வந்து இரண்டு கையாலும் தம்புசாமியின் மார்பில் அடித்தார். “மூணு நாளா எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு போன் பண்ணத் தெரியாதா உனக்கு?”

“கப்பல் லேட்டு லா, வள்ளி! கப்பல் வராம நான் என்னத்த ஏத்திட்டு வர?”

அன்று அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். எல்லோரும் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். வாலண்டைன் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் லோரியின் முகப்பில் கட்டிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் சிரிப்புக் கதை. மறுநாள் காலையில் சிரிப்பு இல்லை. வள்ளியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். பலகையில் இருந்த தாளை யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கனகசபை டீச்சரை அறைக்கு அழைத்து, ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிவு செய்யும்வரை எதுவும் ஒட்டக் கூடாது என்றார். கூட்டம் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் அன்று மாலையே தம்புசாமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வள்ளியம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அதைவிட டீச்சரை உலுக்கியது வகுப்பு. புதன்கிழமை கட்டுரைப் பாடத்தில் பூமணி தவிர முப்பத்து நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று நான்கு வரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘பசு ஒரு வீட்டு மிருகம்’ என்பதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. பூமணி வெறும் தாளைக் கொடுத்தாள். “நான் இனிமே எழுதமாட்டேன் டீச்சர். நான் எழுதுனா அம்மாவுக்குக் காய்ச்சல் வருது” என்றாள். டீச்சர் இதை என்னிடம் வந்து சொன்னார். பலகை போனால் போகட்டும், இந்தப் பிள்ளையின் கை நின்றுவிடக் கூடாது என்றார்.

மார்ச் 20, ஞாயிறு, காலை பத்து மணி. வந்திருந்த பெற்றோர் நாற்பத்தொன்பது பேர். டீச்சர் மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். முக்காட்டுத் துணி கைப்பையிலிருந்து பாதி வெளியே தொங்கியது. தம்புசாமி, தேறி எழுந்த வள்ளியம்மா, நடுவில் பூமணி என மூவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பூமணியின் மடியில் கட்டுரைப் புத்தகம் இருந்தது. அதை எடுத்து வரச் சொன்னவர் வள்ளியம்மா.

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமானவர். “டீச்சரின்ர நோக்கத்தில எனக்குச் சந்தேகமில்லை. ஆனா வகுப்பில பிள்ளை எழுதிறது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையில உள்ள விஷயம். ஒரு வீட்டுக்கதையைத் தெருவில கொண்டுபோய் வைச்சா என்ன நடக்கும் எண்டு பாத்திட்டம். இனி இது வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அடுத்த வாரம் யாரைச் சாகடிக்கப் போறீங்க டீச்சர்? சொல்லிட்டா மாலை வாங்கி வெச்சிடுவோம்” என்றார். சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“தப்பு என்னுது. சாவு நோட்டீஸ் மாதிரியே எழுதினா கண்ணுல படும்னு நெனைச்சேன். அந்த வீட்டுல ஒரு வார்த்தை படிச்சுக் காட்டிட்டு ஒட்டியிருக்கணும். அதையும் செய்யல. ஆனா சார், ரெண்டு பேருக்கு இடையில உள்ள விஷயமா இருக்கறதாலதான் பிள்ளைங்க ‘என் அப்பா நல்லவர்’னு எழுதி நிறுத்திக்குது. எனக்கு எழுதறப்போ மார்க்குக்கு எழுதுது. ஊருக்கு எழுதறப்போதான் லோரியில எத்தனை கயிறு, எத்தனை முடிச்சுன்னு எழுதுது.”

“என்ன முடிச்சு?” என்று கேட்டது தம்புசாமி. அவர் கட்டுரையைப் படித்ததே இல்லை. வீடு வந்து சேர்ந்த மறுநாள் தாள் கிழிந்துவிட்டது.

டீச்சர் பூமணியைப் பார்த்தார். பூமணி புத்தகத்தை மூடியபடி குனிந்துகொண்டாள். அப்போது வள்ளியம்மா மகளின் தோளைத் தட்டினார்.

“எழுந்திருச்சுப் படி. நாப்பது நிமிஷம் நான் தாலியப் புடிச்சிக்கிட்டு அழுதது இதுக்குத்தானே? அப்படி என்னதான் எழுதினேன்னு நானும் கேக்கணும்.”

பூமணி எழுந்தாள். முதல் மூன்று வரிகள் காதில் விழவில்லை. பிறகு குரல் வந்தது. அவள் புத்தகத்திலிருந்து நான் அப்படியே எடுத்து எழுதியது குறிப்பேட்டில் இருக்கிறது:

“சரக்கு ஏற்றியதும் அப்பா ஒன்பது கயிறு கட்டுவார். ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டு முடிச்சு. கட்டி முடித்ததும் லோரியைச் சுற்றி மூன்று முறை நடந்து எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார். கோயிலைச் சுற்றுவது போல இருக்கும். மூன்றாவது முறை முடிச்சைத் தொட மட்டும் செய்வார். வேலை முடிந்து விடியற்காலையில் வந்தால் லோரியை முனையிலேயே நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். நாங்கள் தூங்குகிறோம் என்று அவர் நினைக்கிறார். அம்மா தூங்குவதில்லை. அம்மா தூங்காததால் நானும் தூங்குவதில்லை. அப்பா உள்ளே வந்ததும் நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொள்வோம்.”

தம்புசாமி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்து, “முழிச்சுக்கிட்டா இருந்தீங்க? பத்து வருஷமா வெறுங்கால்ல கல்லு மேல நடந்து வரேன்லா!” என்றார்.

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. கிண்டல் செய்த பின்வரிசைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கனகசபை மேசையைத் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னார். “அம்மா, பாதிக்கப்பட்டது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. இது வேணுமோ, வேண்டாமோ?”

வள்ளியம்மா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“சார், எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னைக்கு அறுபது பேரு வீட்டுக்கு வந்தாங்க. இந்த ஆளு செத்துட்டாருன்னுதான் வந்தாங்க. கயிறு கட்டற கதைய யாரும் படிக்கல. படிச்சிருந்தா நான் அழுதிருக்க வேண்டாம். ஒழுங்காப் படிக்காம ஓடி வந்தவங்கள விட்டுட்டு, எழுதின பிள்ளைய நிறுத்தச் சொன்னா எப்படி?” பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “ஒட்டுங்க டீச்சர். ஆனா கறுப்புக் கட்டம் வேண்டாம். செத்தவங்க பலகையும் வேண்டாம். எங்கிட்ட மொதல்ல படிச்சுக் காட்டணும். இன்னொண்ணு: அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்காளே, அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இந்த வீட்டுக்கே சமைக்கிறேன், என்னைப் பத்தி ஒரு வரி எழுதினாளா? அதக் கேளுங்க!”

வாக்கெடுப்பில் ஒட்டலாம் என்று கை தூக்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். வேண்டாம் என்றவர்கள் நான்கு. கை தூக்காதவர்கள் இரண்டு. கனகசபை எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு அவரே நிபந்தனையைச் சொல்ல, நான் எழுதினேன்: கட்டுரையில் வரும் ஆளுக்கு அதை முழுவதும் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய பிறகே ஒட்ட வேண்டும். டீச்சர் மேசைக்கு வந்து என் கண்ணெதிரே கையொப்பமிட்டார். முகம் திருநாள் முகம்.

வாலண்டைன் ஷெட்டிலிருந்து கழிவுப் பலகை கேட்டு வாங்கி, நாலடிக்கு மூன்றடியில் புதுப் பலகை செய்து, அதற்குப் பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தார். மாலை விஷயத்தில் தன் பங்கு இது என்றார். ஜெயராஜ் அதைக் கடையின் மறுபக்கச் சுவரில், பஸ் நிறுத்தத்தைப் பார்க்க மாட்டினார்.

மார்ச் 28, திங்கட்கிழமை, ஒன்றரை மணிக்கு ஏழாவது தாள் ஏறியது. ‘என் அம்மா’, எழுதியவள் பூமணி. மூன்று பக்கம். மூலையில் வள்ளியம்மாவின் கைநாட்டு. நாலு மணிக்கு ஷெட் விட்டதும் கூட்டம் வந்தது. நாலிலிருந்து ஐந்துவரை எழுபத்தோரு பேர் நின்று படித்ததை எண்ணினேன். பட்ட பாட்டில் இப்போது ஒருவரும் பெயரோடு நகரவில்லை. முதல் வரியிலிருந்து ‘இப்படிக்கு’ வரைக்கும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இரண்டு பேர் பங்சார் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். டீச்சர் பஸ் நிறுத்தத்தில் குடையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செந்தூல் பஸ் மூன்று வந்து போயும் ஏறவில்லை.

ஐந்து மணிக்கு வள்ளியம்மா வந்தார். நல்ல சேலை, தலையில் பூ. எனக்குப் பக்கத்தில் நின்று, “அங்கிள், கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?” என்றார். அவரிடம் கண்ணாடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். கைநாட்டு வைக்கும் முன்பே இதை முழுவதும் கேட்டிருக்கிறார் என்பதும் தெரியும். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போனார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய, முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நிறுத்தினார்.

“அக்கா, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்…”

ஆறரை மணிவரை எட்டுப் பேரிடம் கேட்டார். எட்டுப் பேரும் கடைசி வரிவரை படித்துச் சொன்னார்கள்.